வேகமும் வேண்டும், விடையும் பிசகக்கூடாது: எமுலேட்டரில் ஃபுளோட்டிங் பாயின்ட்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து நம் சனிக்கிழமைக் கணினி வகுப்புக்கு வரும் தம்பி தங்கச்சிகள் பலரிடம் இருப்பது அண்ணனோ அக்காவோ பயன்படுத்திக் கொடுத்த பழைய மடிக்கணினிதான். அதில் எமுலேட்டர், அதாவது வேறொரு இயந்திரத்தைப் போலவே நடந்துகொள்ளும் நிரல், எழுத உட்கார்ந்தால், முதலில் முட்டி நிற்பது ஃபுளோட்டிங் பாயின்ட் எனப்படும் தசம எண் கணக்கில். சரியாகச் செய்தால் ஆமை வேகம். வேகமாகச் செய்தால் விடை பிசகுகிறது. இதில் எதையும் பாதி விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. சி மொழியில் ஃபங்ஷன் எழுதத் தெரிந்தால் போதும், தொடங்கலாம்.

முதல் படி: எண்ணைப் பிரித்துப் பாருங்கள்

இத்தகைய எண்களுக்காக 1985-இல் வந்த ஐஇஇஇ 754 தரத்தின்படி 32 பிட் எண்ணில் குறிக்கு 1 பிட், அடுக்குக்கு 8, பின்னத்துக்கு 23. 6.5 என்பது இரும முறையில் 110.1, அதாவது 1.101 × 2². அடுக்கு 2-உடன் 127 கூட்டி, 129 என்று எழுதி வைப்பார்கள். முன்னால் நிற்கும் 1 எழுதப்படுவதில்லை. ஆக, கையில் இருக்கும் துல்லியம் 24 பிட்.

இப்போது 16777216-உடன் 3-ஐக் கூட்டிப் பாருங்கள். 16777219 வராது. அந்த உயரத்தில் எண்கள் இரண்டிரண்டாகத்தான் தாவும். விடை 16777218-க்கும் 16777220-க்கும் சரிபாதியில் நிற்கிறது. உங்கள் மடிக்கணினி, பின்னத்தின் கடைசி பிட் 0 ஆக இருக்கும் பக்கம் சாய்ந்து 16777220 என்று சொல்லும். மீதியை வெட்டி எறியும் பிளேஸ்டேஷன் 2 போன்ற இயந்திரத்தில் விடை 16777218. விளையாட்டில் ஒரு பொருளின் இடத்தை நொடிக்கு அறுபது முறை இப்படிக் கூட்டினால், கொஞ்ச நேரத்தில் அது சுவருக்குள் போய்விடும்.

இரண்டாம் படி: மெதுவான, பிசகாத வழி

முழு எண்களை மட்டும் வைத்துக் கூட்டல் எழுதுங்கள். இரண்டு எண்களையும் பிரியுங்கள், சிறியதை வலப்பக்கம் தள்ளி அடுக்கைச் சமமாக்குங்கள், கூட்டுங்கள், முன்னணி 1-ஐ அதன் இடத்துக்குக் கொண்டுவாருங்கள், உருட்டுங்கள் (24 பிட்டில் அடங்கும் அருகிலுள்ள எண்ணாக்குங்கள்), திரும்பக் கட்டுங்கள். தள்ளும்போது வெளியே விழும் பிட்களை வீசிவிடாதீர்கள். மூன்று பிட் கூடுதலாக வையுங்கள். அதில் கடைசி, 'இதற்குக் கீழே எங்காவது 1 இருந்ததா' என்று மட்டும் நினைவில் வைக்கும் ஸ்டிக்கி பிட். இந்தக் கணக்கை முழு எண்களாலேயே செய்யும், ஜான் ஹவுசர் எழுதிய பெர்க்லி சாஃப்ட்ஃபுளோட்டின் மூல நிரலைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டால் இது நன்றாகவே பிடிபடும்.

மூன்றாம் படி: வேகமான வழிக்கு ஒரு வாசல்

நேரத்தை இங்கேதான் செலவிடவேண்டும். உங்கள் சிப்பே கூட்டலை ஒரே கட்டளையில் செய்துவிடும். தொல்லை, கணக்கில் என்ன நேர்ந்தது என்று குறித்துவைக்கும் கொடிகளில் இருக்கிறது. தவறான செயல், பூஜ்ஜியத்தால் வகுத்தல், மேல்வழிவு, கீழ்வழிவு, துல்லியமின்மை என ஐந்து கொடிகளைத் தரம் கேட்கிறது. ஒவ்வொரு கூட்டலுக்கும் சிப்பிடம் கொடி கேட்டு நின்றால், மிச்சம் பிடித்த நேரம் அதிலேயே போய்விடும்.

2018-இல் கியூஎமு என்ற எமுலேட்டரில் சேர்ந்த வழி இதற்கு அழகான விடை. துல்லியமின்மைக் கொடி ஒருமுறை ஏறினால், நிரலே இறக்கும்வரை அப்படியே நிற்கும். பெரும்பாலான கணக்குகள் அதை ஏற்றிவிடுகின்றன. இறக்கும் நிரல்கள் அரிது. ஏற்கெனவே ஏறியிருந்தால் மறுபடி கேட்க என்ன இருக்கிறது? ஆகவே உங்கள் ஃபங்ஷனின் தலையில் இப்படிச் சோதியுங்கள்: கொடி ஏறியிருக்கிறதா, உருட்டும் முறை 'அருகிலுள்ள இரட்டை'தானா, இரண்டு எண்களும் பூஜ்ஜியமோ சாதாரண எண்ணோதானா (முடிவிலி, 'எண்ணே அல்ல' என்னும் என்ஏஎன், முன்னணி 1 இல்லாத மிகச் சிறிய எண் ஆகியவை சாதாரணம் அல்ல). மூன்றும் ஆம் என்றால் சிப்பிடம் கொடுங்கள். விடை முடிவிலியாக வந்தால் மேல்வழிவுக் கொடியை நீங்களே ஏற்றுங்கள். மிகச் சிறிதாக வந்தால் மெதுவான வழியில் மறுபடி கணக்கிடுங்கள். தோட்டத்தில் ரப்பர் பால் நிறுக்கும் இடத்தில் மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியை முக்கி ரப்பர் அளவை உடனே படிப்பதும், மாதிரிப் பாலை உறையவைத்துக் காயவைத்து நிறுப்பதும் போலத்தான் இந்த இரு வழிகளும். ஆனால் இங்கே வாசலைச் சரியாகக் கட்டினால் இரண்டும் ஒரே விடைதான் தரவேண்டும்.

கம்பைலரில், வேகத்துக்காகத் தரத்தின் விதிகளைத் தளர்த்தும் ஃபாஸ்ட்-மேத் தெரிவை மட்டும் போடாதீர்கள். என்ஏஎன் வராது என்று அதுவாகவே முடிவுகட்டி, உங்கள் சோதனைகளை அழித்துவிடும்.

நான்காம் படி: இரண்டையும் மோதவிடுங்கள்

+0, −0, மிகச் சிறிய எண், மிகப் பெரிய எண், முடிவிலி, என்ஏஎன் ஆகியவற்றை ஒன்றோடொன்று சேர்த்து இரு வழிகளிலும் ஓட்டுங்கள்; பிறகு குருட்டாம்போக்கில் கோடிக்கணக்கான எண்கள். சமக்குறி வைத்து ஒப்பிடாதீர்கள். அதற்கு +0-உம் −0-உம் ஒன்று; என்ஏஎன் தனக்கே சமமில்லை. பிட்களை முழு எண்ணாக எடுத்து ஒப்பிடுங்கள். எக்ஸ்86 சிப் தானாக உண்டாக்கும் என்ஏஎனில் குறி பிட் 1, ஆர்ம் சிப்பில் 0. எந்த இயந்திரத்தைப் போலச் செய்கிறீர்களோ அதன் வழக்கமே விடை. இன்டெல் 1972-இல் பினாங்குக்கு வந்ததிலிருந்து நம் பிள்ளைகள் பலர் கனவு காணும் சிப் சோதனை வேலைக்கும் இதே பொறுமைதான் வேண்டும்.

ஒரு பிட் வேறுபட்டாலும் அந்த இரண்டு எண்களையும் எழுதிவைத்து, வாசலில் எந்தச் சோதனை விட்டுப்போனது என்று தேடுங்கள். வேகத்தை அளப்பது அதற்குப் பிறகுதான்.