கைப்பேசி கண்காணிக்கப்படும் வீட்டிலிருந்து உதவி தேடுவது எப்படி?

கணவரின் வன்முறைக்கு ஆளாகும் பெண்ணை அவருடைய கைப்பேசியே காட்டிக்கொடுத்துவிடக்கூடும் என்பதால், நம்பிக்கையான தோழியின் கைப்பேசியிலிருந்து பேசுவதே பாதுகாப்பானது. தமிழ்நாட்டில் 181 என்ற மகளிர் உதவி எண் இரவு பகலாக இயங்குகிறது. உயிருக்கு ஆபத்து என்றால் தயங்காமல் 112-ஐ அழையுங்கள்.

வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். நீங்கள் இணைக்காத கணினி ஒன்று அங்கே தெரிந்தால், உங்கள் உரையாடல்களை வேறொருவர் படித்துக்கொண்டிருக்கலாம். அதை உடனே துண்டித்தால் அவருக்குச் சந்தேகம் எழுந்து வன்முறை கூடிவிடலாம். ஆகவே எங்கே போய்த் தங்குவது என்பதை முடிவு செய்த பிறகு துண்டிப்பதே நல்லது என்பேன்.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் அளிக்கலாம். வீடு கணவர் பெயரில் இருந்தாலும் அங்கே தொடர்ந்து வசிக்கும் உரிமையை அச்சட்டம் உங்களுக்குத் தருகிறது.