வண்டி சூடேறுகிறதா? தெர்மோஸ்டாட்டை நீங்களே சோதிக்கலாம்

சித்திரை வெயிலில் காரைக்குடியிலிருந்து திருச்சிக்குக் கிளம்பிய கார் திருமயம் தாண்டுவதற்குள் சூட்டு முள்ளை மேலே ஏற்றினால், எல்லோரும் வெயிலைத்தான் திட்டுவார்கள். தெர்மோஸ்டாட்டையும் ஒரு முறை சந்தேகப்படுங்கள்.

எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் சின்ன வால்வு அது. உள்ளே மெழுகு இருக்கும். பல வண்டிகளில் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) 82 முதல் 90 டிகிரி செல்சியஸை எட்டும்போது மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கும். மூடியபடியே சிக்கினால் எஞ்சின் கொதிக்கும். திறந்தபடியே சிக்கினால் சூடேற நேரமாகும், டீசலோ பெட்ரோலோ கூடுதலாகக் குடிக்கும்.

முதலில் கண்டுபிடிப்போம். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலண்ட் அளவைப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் கை போகாமல், ரேடியேட்டரின் மேல் ஹோஸை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் அது சில நிமிடம் சூடில்லாமல் இருந்து, பிறகு சட்டென்று சுடும். அப்படியென்றால் தெர்மோஸ்டாட் நன்றாக இருக்கிறது. ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் திறந்தபடி சிக்கியிருக்கலாம். முள் நடுவைத் தாண்டியும் ஹோஸ் சூடாகவில்லையா? மூடியபடி சிக்கியிருக்கலாம். உடனே எஞ்சினை நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

அடுத்து, நன்றாக ஆறிய பிறகு கூலண்ட்டை ஒரு தட்டில் வடியுங்கள். தரையில் விடாதீர்கள். அது இனிப்பாக இருப்பதால் நாயும் ஆடும் நக்கும், அது விஷம். ஹோஸ் எஞ்சினில் வந்து சேரும் மூடியின் போல்ட்டுகளைக் கழற்றினால் தெர்மோஸ்டாட் கைக்கு வரும். சில புது வண்டிகளில் மூடியோடு ஒரே செட்டாக இருக்கும். அதை அப்படியே மாற்ற வேண்டியதுதான்.

இப்போது அடுப்படி வேலை. சமையலுக்கு எடுக்காத பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை அடியில் படாமல் நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். கூடவே ஒரு தெர்மாமீட்டர். தெர்மோஸ்டாட்டின் உடம்பில் பொறித்திருக்கும் டிகிரி வந்ததும் வால்வு விலகத் தொடங்க வேண்டும். தண்ணீர் கொதிக்கும்போதும் அசையவில்லை என்றால் புதிது வாங்குங்கள்.

“நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு, கழட்டிப் போட்டுரலாம்” என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். அது இல்லாமல் எஞ்சின் சரியான சூட்டுக்கு வராது, தேய்மானம் கூடும். சில எஞ்சின்களில் கூலண்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்குவழியில் சுற்றி, சூடு இன்னும் ஏறும்.

மாட்டும்போது ஸ்பிரிங் இருக்கும் பக்கம் எஞ்சினை நோக்கி இருக்கட்டும், பேக்கிங் புதிதாகப் போடுங்கள். போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். அதிலிருக்கும் உப்பு ரேடியேட்டரில் படிந்து அடைத்துவிடும். வண்டிக் கையேட்டில் சொல்லியிருக்கும் கூலண்ட்டையே நிரப்பி, அதில் உள்ள முறைப்படி காற்றை வெளியேற்றுங்கள். மறுநாள் காலையில் அளவு குறைந்திருந்தால் மறுபடி நிரப்பி, எங்காவது ஒழுகுகிறதா என்று பாருங்கள். அப்புறமும் முள் ஏறினால் ஃபேன், வாட்டர் பம்ப், ஹெட் கேஸ்கெட் ஆகியவற்றை மெக்கானிக்கிடம் காட்டிப் பார்த்துவிடுங்கள்.