கரையொதுங்கும் ‘டிராகன்’கள்: தெரிந்தவர்களும் பிழைவிடும் இடங்கள்

யாழ்ப்பாணத்தின் வடமராட்சி கிழக்கிலோ தீவுப்பகுதியிலோ இனந்தெரியாத ஏதாவது கரையொதுங்கினால், பின்னேரத்துக்குள் வைபர் (Viber) குழுக்களில் அது ‘டிராகன்’ ஆகிவிடும். அடுத்த நாள் கொம்பும் முளைக்கும். நெருப்புக் கக்குமா என்று கேட்பவர்களுக்காக இது எழுதப்படவில்லை. ஓரளவு விஷயம் தெரிந்தவர்களே திரும்பத் திரும்ப வழுக்குகிற இடங்கள் இவை.

எல்லாவற்றையும் கொமோடோ என்பது

கொமோடோ டிராகன் இயற்கையாக வாழ்வது இந்தோனேசியாவின் கொமோடோ, ரின்சா, புளோரஸ் முதலான சில தீவுகளில் மட்டுமே. இலங்கையில் எடுத்த படமென்றால் அது கபரக்கொய்யா என்ற நீருடும்பு, அல்லது நம் வேலியடி உடும்பு. இரண்டையும் பிரிக்க மூக்குத் துவாரத்தைப் பாருங்கள். உடும்புக்கு அது சரிந்த கீறல், கண்ணுக்கும் மூக்கு நுனிக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கும். கபரக்கொய்யாவுக்கு உருண்டையாக, நுனிக்குக் கிட்ட இருக்கும்.

1681இல் வெளிவந்த தன் நூலில், கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயரான ரொபர்ட் நொக்ஸ் கபரக்கொய்யாவை எழுதியிருக்கிறார்: ஐந்தாறு அடி நீளம், நீண்ட நீலப் பிளவு நாக்கு, வழியை மறித்துச் சீறும், நாய் கிட்ட வந்தால் வாலால் விளாசும். தீ ஒன்றுதான் குறை.

அழுகிய உடலின் வடிவத்தை நம்புவது

இதுதான் மன்னிக்க முடியாத பிழை. 1977 ஏப்ரல் 25 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச்சுக்குக் கிழக்கே, ‘சுயியோ மாரு’ என்ற ஜப்பானிய மீன்பிடிக் கப்பலின் வலையில் ஏறக்குறைய 10 மீற்றர் நீளமான அழுகிய உடல் சிக்கியது. சின்னத் தலை, நீண்ட கழுத்து, நான்கு துடுப்பு. பிடித்த மீன் பழுதாகிவிடும் என்று அதைத் திரும்பக் கடலில் தள்ளிவிட்டார்கள். மிஞ்சியவை சில படங்களும் செட்டையிலிருந்து பிய்த்தெடுத்த நார்களும். கடல் டைனோசர் என்று ஜப்பானே துள்ளியபோது, அந்த நார்களின் அமினோ அமில அளவுகள் பாஸ்கிங் சுறா என்ற மிகப்பெரிய சுறாவோடு ஒத்துப்போயின. முழு உடலும் இருந்திருந்தால் ஒரு மணித்தியால வேலை. இல்லாததால் இன்றும் சண்டை ஓயவில்லை.

சுறாவுக்கு எலும்பு இல்லை, குருத்தெலும்புதான். அழுகத் தொடங்கியதும் தாடையும் செவுள் வளைவுகளும் முதலில் கழன்று விழும். எஞ்சுவது சிறிய மண்டைப் பெட்டியும் அதன்பின் முள்ளந்தண்டும். பார்ப்பவருக்கு அதுவே ‘நீண்ட கழுத்து’. முள்ளந்தண்டு வாலின் மேல் மடலுக்குள் மட்டுமே ஓடுவதால், கீழ் மடல் இற்றுப்போக, வால் சவுக்காகிவிடும். செட்டை நார்கள் உரிந்து தொங்கினால் பிடரிமயிர். 1808இல் ஸ்கொட்லாந்தின் ஸ்ட்ரொன்சே தீவில் ஒதுங்கிய உடலுக்கு ஆறு கால் என்றே எழுதிவைத்தார்கள். அதன் முள்ளெலும்புகளைப் பார்த்த ஆங்கிலேய உடற்கூற்றியலாளர் எவரார்ட் ஹோம், அது பாஸ்கிங் சுறா என்றார். பாஸ்கிங் சுறா குளிர்க்கடல் பிராணி. நம் பக்கம் இதே வேடத்தைத் திமிங்கிலச் சுறாவும் போடும்.

ஆகவே புதைக்க முதல் செய்ய வேண்டியவை: மீற்றர் நாடாவை உடலோடு ஒட்டி விரித்துப் பக்கவாட்டில் படமெடுங்கள். ஆளை நான்கடி பின்னால் நிறுத்தி எடுத்தால் உடல் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். வைபர் படங்களில் பாதி இந்த வித்தைதான். பிறகு வெளியே தெரியும் ஒரு முள்ளெலும்பைப் பாருங்கள். இருமுகமும் கிண்ணமாய்க் குழிந்து, கத்தி இறங்கும் குருத்தாக இருந்தால் சுறா. முகம் தட்டையாய், பக்கங்களில் நீட்டங்களோடு கெட்டியான எலும்பாக இருந்தால் திமிங்கிலம். சுறாவென்றால் கடலை அளவுத் தசைத்துண்டைச் செறிந்த எதனோலில் (மதுசாரத்தில்) போடுங்கள். போர்மலினில் போட்டால் டிஎன்ஏ எடுப்பது பெரும்பாடு.

திமிங்கிலத்தில் கைவைக்க வேண்டாம். அது சட்டப் பாதுகாப்புள்ள பிராணி. வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். ஊதிப்போன உடலில் கத்தி பட்டால் அடைபட்ட வாயு குடலையும் சேர்த்து வெளியே தள்ளும்.

யாளியையும் நாகத்தையும் இழுப்பது

நயினாதீவுக் கோயிலின் நாகம், படமெடுக்கும் நாகமேதான். யாளி சிற்பியின் கற்பனை. இரண்டுக்கும் டிராகன் என்று பெயர் வைத்தால், கோயிலும் விளங்காது, விலங்கியலும் விளங்காது.

பறக்கும் டிராகன்

டிராக்கோ என்ற சறுக்கும் ஓணான் மேற்குத் தொடர்ச்சி மலையில் உண்டு. இலங்கையில் இல்லை.

கடலில் வரிசையாக எழும் திமில்கள்

டொல்பின்கள். எண்ணிப் பாருங்கள், ஒவ்வொரு தடவையும் கணக்கு மாறும்.