அல்பா ரோமியோ 156 வேகன் கார் வாங்கப் பாக்கப் போறீங்களா, இதக் கவனிங்கோ

முதல்ல எந்த மொடல் எண்டு பிடிக்கோணும். 156 செடான் 1997ல வந்தது, வேகன், அதாவது ஸ்போர்ட்வேகன், 2000ல. பின்சீற் கதவுக் கைபிடி கண்ணாடி ஓரத்தில ஒளிஞ்சு கிடக்கும், திருகோணமலை உப்புவெளியில ஒண்டப் பாத்த எங்கட மாமா கதவத் திறக்க ரெண்டு நிமிசம் தடவிக்கொண்டு நிண்டவர்! 2003ல ஜுஜாரோ எண்ட டிசைனர் காரின்ர முகத்த மாத்தினார், எனக்கு முதல் டிசைனர் வால்டர் டி சில்வா செய்த பழசுதான் வடிவு. முன்னுக்கு பக்கத்துக்கு மூண்டு வட்ட லைட், பின்சீற் கதவுல கைபிடி வெளியில தெரியுது எண்டா அது 159 வேகன், 2006ல வந்த அடுத்த தலைமுறை.

இனி முக்கியமான விசயம், ட்வின் ஸ்பார்க், அதாவது சிலிண்டருக்கு ரெண்டு ஸ்பார்க் பிளக் உள்ள பெட்ரோல் எஞ்சின் எண்டா டைமிங் பெல்ட் எப்ப மாத்தினது எண்டு பில்லக் கேளுங்கோ, 60,000 கிலோமீற்றருக்குள்ள மாத்திப்போடோணும், அறுந்தா வால்வு போய் பிஸ்டன்ல அடிச்சு எஞ்சினே முடிஞ்சுது. ஸ்டார்ட் பண்ணேக்க டீசல் மாதிரி கடகடத்தா வேரியேட்டர், அதாவது வால்வு திறக்கிற நேரத்த மாத்திற சாமான், தேஞ்சிருக்கும், பெல்ட்டோட சேத்து மாத்துங்கோ.

திருகோணமலை உப்புக்காத்து தெரியும்தானே, பெயின்ட் மினுங்குது எண்டு நம்பாம ஜாக்கில தூக்கி கதவுக்குக் கீழ சுத்தியல் பிடியால தட்டிப் பாருங்கோ, பொதபொத எண்டு கேட்டா கறள் திண்டிட்டுது. டிக்கி பெருசு எண்டு நினைச்சு வாங்காதீங்கோ, செடானவிடக் கூட இல்ல.