பால் பைத்தான் முட்டை: தாயிடமே விடுவதா, இன்குபேட்டரில் வைப்பதா?

பால் பைத்தான் ஒரு சிறிய வகை மலைப்பாம்பு. முட்டையிட்ட பால் பைத்தானின் பெட்டியைத் திறந்தால் முதலில் முட்டை கண்ணில் படாது. சும்மாடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல ஒரு கூம்பு, அதன் உச்சியில் தலை, அவ்வளவுதான். உற்றுப் பார்த்தால் இரண்டு சுருளுக்கு நடுவே வெள்ளையாக ஏதோ தெரியும். புதிதாக வளர்ப்பவர்கள் எனக்குச் செய்தி அனுப்புவது அந்த நேரத்தில்தான். "அண்ணா, முட்டை போட்டுடுச்சு. எடுக்கணுமா, விடணுமா?"

ஒரு மாதம் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அதற்கு முன் இரண்டு விஷயம். பால் பைத்தானுக்கும் பாலுக்கும் சம்பந்தமில்லை. பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும், அதனால் வந்த பெயர். மேற்கு ஆப்பிரிக்காவின் கானா, டோகோ, பெனின் பக்கத்துப் பாம்பு. நான் இருக்கும் டொரொண்டோவில் 3 மீட்டருக்கு மேல் வளரும் பாம்புகளுக்கும் விஷப் பாம்புகளுக்கும்தான் தடை. இது ஒன்றரை மீட்டரைத் தாண்டுவதே அரிது. தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்கள் கவனிக்க: நம் ஊர் மலைப்பாம்பு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, வீட்டில் வைத்தாலே குற்றம். பால் பைத்தான் போன்ற வெளிநாட்டு இனங்களை 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குஞ்சு பொரித்தால் அதையும் தெரிவிக்க வேண்டும்.

தாய் உண்மையில் என்ன செய்கிறது?

நமக்கெல்லாம் மனதில் இருப்பது அடைக்கோழி. கோழி உட்கார்ந்தால் முட்டைக்குச் சூடு கிடைக்கும். மலைப்பாம்பும் அப்படித்தான் என்று நினைக்கிறோம், அதில் பாதிதான் சரி. பர்மிய மலைப்பாம்பு தசைகளை விட்டுவிட்டுத் துடிக்கவைத்துத் தன் உடம்பிலிருந்தே சூடு உண்டாக்கும். 1841-இல் பாரிஸில் வலான்சியென் என்பவர் அடைகாக்கும் மலைப்பாம்பின் சூட்டை அளந்து எழுதினார். 1966-இல் நியூயார்க் விலங்குக்காட்சி சாலையில் இன்னும் துல்லியமாக அளந்தார்கள்: அறை குளிரக் குளிர, துடிப்பு கூடியது.

பால் பைத்தான் அந்த வேலையைச் செய்வதில்லை. டோகோவில் ஓப்ரே, போனே, ஷைன் ஆகியோர் செய்த ஆய்வுகளில் தெரிந்தது, அந்த இறுக்கமான சுருளின் முக்கிய வேலை முட்டையின் ஈரம் போகாமல் காப்பதுதான் என்பது. சுருக்கமாகச் சொன்னால் தாய் அடுப்பு இல்லை, மூடி. முட்டையைத் தாயிடம் விட்டாலும் சரி, எடுத்தாலும் சரி, சூடு கொடுக்க வேண்டியது நீங்கள்தான். இது மண்டையில் ஏறிவிட்டால் மீதி எல்லாம் சுலபம்.

படி 1: தேதியைப் பிடியுங்கள்

கரு முட்டைகள் வெளிப்படும் நேரத்தில் பெண்ணின் நடு உடம்பு ஒரு நாள் திடீரென உப்பி நிற்கும், பெரிய இரையை விழுங்கியதுபோல. அதிலிருந்து இரண்டு மூன்று வாரத்தில் சட்டை உரிக்கும். அந்தச் சட்டை உரித்த நாளை காலண்டரில் வட்டமிடுங்கள். ஏறக்குறைய 30 நாளில் முட்டை வரும். ஆண் உள்ளே இருந்தால் இப்போதே பிரித்துவிடுங்கள்.

படி 2: முடிவெடுங்கள்

முதல் தடவை என்றால் இன்குபேட்டர் என்பதுதான் என் கட்சி. "இயற்கை முறைதானே நல்லது" என்று வாதாடுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் பாம்பு இருக்கும் பெட்டி இரவும் பகலும் 31 டிகிரியில் நிற்குமா? குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் கனடா வீட்டில் காற்று அப்பளம்போலக் காய்ந்துகிடக்கும். தாய் எவ்வளவு இறுக்கிச் சுற்றினாலும் அந்த வறட்சியை ஓரளவுதான் தடுக்க முடியும்.

தாயிடம் விடுவதில் இன்னொரு செலவும் உண்டு. பெரும்பாலான பெண்கள் அடையில் இருக்கும்போது சாப்பிடுவதில்லை. முட்டையிட்டு ஏற்கெனவே மெலிந்த பாம்பு இன்னும் இரண்டு மாதம் பட்டினி. முதுகெலும்பு தெரியும் அளவுக்கு இளைத்த தாயிடம் முட்டையை விடாதீர்கள். நல்ல உடம்போடு இருக்கும், ஏற்கெனவே ஒருமுறை முட்டையிட்ட தாய், சூடும் ஈரமும் ஆடாத பெட்டி, இரண்டும் இருந்தால் தாராளமாக விடலாம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

படி 3: இன்குபேட்டரை ஒரு வாரம் வெறுமனே ஓட்டுங்கள்

ஓடாத சின்ன ஃபிரிட்ஜோ தெர்மோகோல் பெட்டியோ போதும். உள்ளே வெப்பப் பட்டை, அதைக் கட்டுப்படுத்த நல்ல தெர்மோஸ்டாட், அடியில் நான்கைந்து தண்ணீர் பாட்டில்கள். கரண்ட் போனால் அந்தப் பாட்டில்கள்தான் சூட்டைப் பிடித்துவைக்கும். 31-லிருந்து 32 டிகிரிக்குள் நிற்க வேண்டும்.

தெர்மோஸ்டாட்டின் சென்சார் வயரை டேப் போட்டு ஒட்டுங்கள். சும்மா தொங்கவிடாதீர்கள். என் முதல் ஈட்டில் ஐந்து முட்டை. நான்காவது வாரம் ஒருநாள் ராத்திரி கதவைச் சாத்தும்போது வயர் நழுவிச் சென்சார் வெளியே வந்துவிட்டது. வெளியே குளிர், ஆகவே தெர்மோஸ்டாட் விடாமல் சூடேற்றியிருக்கிறது. காலையில் பார்த்தால் உள்ளே 37. மூன்று முட்டை போயிற்று. பொரித்த இரண்டில் ஒன்றுக்கு முதுகெலும்பு வளைந்திருந்தது. அன்றிலிருந்து தெர்மோஸ்டாட்டோடு சேராத தனி வெப்பமானி ஒன்று, அலாரத்தோடு, கட்டாயம். சூடு சற்றுக் குறைந்தால் குஞ்சு தாமதமாக வரும், கூடினால் திருத்தவே முடியாது. ஆமை, முதலைபோலச் சூட்டை மாற்றி ஆண் பெண் தீர்மானிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பால் பைத்தானுக்கு அது மரபணுவிலேயே முடிவாகிவிடும்.

படி 4: முட்டைப் பெட்டி

மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வெர்மிகுலைட்டை (ஈரத்தைப் பிடித்துவைக்கும் கனிமத் துகள்) நாலு விரற்கடை போடுங்கள். வெர்மிகுலைட் எவ்வளவு எடையோ அதே எடைக்குத் தண்ணீர். கப்பால் அளக்காதீர்கள், தராசில் நிறுங்கள். அது பஞ்சு மாதிரி லேசு, கப் கணக்கில் ஊற்றினால் சேறாகிவிடும். தராசு இல்லையா, புட்டுமாவுப் பதம்தான் கணக்கு. பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது.

அதன்மேல் டியூப்லைட் பெட்டியை மூடும் பிளாஸ்டிக் கட்டத் தட்டை வெட்டி வைத்தால் முட்டை ஈரத்தை நேராகத் தொடாது. புதியவர்களுக்கு இதுதான் பாதுகாப்பு.

படி 5: முட்டையை எடுப்பது

அவசரம் இல்லை. கடைசி முட்டை வந்து தாய் சுருண்டு முடிக்கட்டும். தலைமேல் ஒரு துண்டைப் போடுங்கள், கண் மறைந்தால் பாதிக் கோபம் அடங்கிவிடும். வாலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு சுற்றாகப் பிரியுங்கள். சாதுவான பாம்பும் அப்போது ஒரு பிடி பிடிக்கும், தசை கையை எதிர்த்துத் தள்ளுவது நன்றாகத் தெரியும். இழுக்காதீர்கள். ஒரு கையை உள்ளே நுழைத்துத் தூக்குங்கள், அதுவே தளரும்.

உள்ளே ஆறேழு முட்டை பலாச்சுளைபோல ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். ஓடு கோழிமுட்டைபோலக் கடினமாக இருக்காது, ஊறிய தோல்போல விரலுக்குக் கொஞ்சம் கொடுக்கும். ஒட்டியதைப் பிய்க்க வேண்டாம், கிழியும். கொத்தாகவே டப்பாவில் வையுங்கள்.

எடுப்பதற்கு முன் ஒவ்வொன்றின் உச்சியிலும் பென்சிலால் ஒரு குறி. கோழி தன் முட்டையைத் தினமும் புரட்டும். பாம்பு முட்டையைப் புரட்டக் கூடாது. கரு மேல்பக்கத்து ஓட்டை ஒட்டி வளர்கிறது. ஓரிரு நாளுக்குப் பிறகு தலைகீழாக்கினால் அது செத்துப்போகலாம்.

விளக்கை அணைத்துவிட்டுச் சிறு டார்ச்சை ஓட்டில் வைத்துப் பாருங்கள். சிவப்பு நரம்புகள் வேர்போலப் படர்ந்திருந்தால் கரு இருக்கிறது. சின்னதாக, மஞ்சளாக, மெழுகுபோல இருப்பது கூமுட்டை. சந்தேகம் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், ஒரு வாரம் பொறுங்கள்.

தாயின் பெட்டியை அன்றே கழுவுங்கள், விரிப்பு எல்லாம் மாற்றுங்கள். முட்டை வாசம் இருக்கும்வரை சில பெண்கள் தண்ணீர்க் கிண்ணத்தைக்கூடச் சுற்றிக்கொண்டு படுக்கும். ஒரு வாரம் கழித்துச் சின்ன எலி கொடுத்துப் பாருங்கள்.

படி 6: அந்த 55–60 நாள்

வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து காற்று மாற்றுங்கள். இதைத் தாயும் செய்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி. அரிசோனாவில் டேல் டிநார்டோ குழுவினர் வேறொரு சிறிய மலைப்பாம்பு இனத்தைக் கவனித்ததில், தாய் அவ்வப்போது சுருளைத் தளர்த்தி முட்டைக்குக் காற்று விடுவதும் பிறகு இறுக்குவதுமாக இருந்தது. திறக்கும்போது மூடியில் கோத்திருக்கும் நீர்த்துளிகளைத் துடைத்துவிடுங்கள், முட்டைமேல் சொட்ட வேண்டாம்.

இரண்டாவது வாரமே முட்டை குழி விழுந்தால் ஈரம் போதவில்லை. முட்டைமேல் படாமல் ஓரமாக வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் ஊற்றுங்கள். ஏழாவது வாரம் குழி விழுந்தால் பயப்பட வேண்டாம், பொரிக்கும் காலம் நெருங்குகிறது. பூஞ்சை வந்தால் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். உயிருள்ள முட்டை பக்கத்தில் அழுகியது இருந்தாலும் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும்.

தாயிடமே விடுவதானால்

முட்டையிடும் முன்பே, உடம்புக்கு அளவான மூடிய பெட்டியில் ஈரமான ஸ்பாக்னம் பாசியைப் போட்டுவையுங்கள். அங்கேதான் இடும். பெட்டிக்குள் 31 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் குறையாமல் பாருங்கள். சுருளை ஒட்டி ஒரு சென்சார் வையுங்கள். தண்ணீர்க் கிண்ணம் எட்டும் தூரத்தில், சிறியதாக இருக்கட்டும். பிறகு கையை எடுத்துவிடுங்கள். தினமும் திறந்து பார்க்கும் ஆசைதான் பெரிய எதிரி. தாய் முட்டையை விட்டு விலகி ஒரு நாள் முழுக்க வேறு மூலையில் கிடந்தால் மட்டும் முட்டையை எடுத்து இன்குபேட்டரில் வையுங்கள். ஆகவே இந்த முறையிலும் இன்குபேட்டர் ஒன்று தயாராக இருக்கத்தான் வேண்டும்.

படி 7: பொரிப்பு

ஓட்டில் முதலில் ஒரு கீறல், பிறகு ஒரு மூக்கு. அங்கேயே ஒரு நாள், இரண்டு நாள் நிற்கும், உள்ளே மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. வெளியே இழுக்காதீர்கள். தானாக வந்த குஞ்சை ஈரமான காகிதத் துண்டு விரித்த தனி டப்பாவில் விடுங்கள். ஏழு முதல் பத்து நாளில் முதல் சட்டை உரிக்கும், அதற்குப் பிறகுதான் முதல் இரை.

மற்றவை எல்லாம் கீறி இரண்டு நாள் ஆகியும் ஒரு முட்டை அப்படியே இருந்தால், சின்னக் கத்தரியின் முனையால் மேல்பக்கம் ஓட்டை மட்டும் சிறிதாகக் கிள்ளித் திறக்கலாம், ரத்தநாளம் தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். எது மேல்பக்கம் என்று அப்போது தடுமாற வேண்டாம், பென்சில் குறி அங்கேயே இருக்கும்.