தவில் என்றால் டெவில் என்று கேட்கும்: நாய்க்கு இசைப் பெயர் வைப்பவர்கள் செய்யும் தவறுகள்

பாட்டுப் பைத்தியம் பிடித்த வீட்டுக்கு நாய்க்குட்டி வந்தால், பெயர் வைப்பதே ஒரு கச்சேரி ஆகிவிடும். அப்பா ராகப் பெயர்களை அடுக்குவார். மகள் ஏதோ ஒரு கொரிய பாப் குழுவிலிருந்து ஒன்றைச் சொல்வாள். பாட்டி, "பேசாம மணின்னு வைங்களேன்" என்று கதையை முடிக்கப் பார்ப்பார். பாட்டியை உடனே தள்ளிவிடாதீர்கள். மணி, இரண்டே அசை. உயிரோசையில் முடிகிறது, எட்ட நின்று இழுத்துக் கூப்பிடலாம். மணியும் ஓசை எழுப்பும் பொருள்தானே!

நாய்க்கு இசைப் பெயர் தேடுபவர்கள் முதலில் சறுக்குவது எழுத்தில் பார்த்து மயங்கும்போதுதான். ஹம்சத்வனி, ஷண்முகப்பிரியா என்று எழுதிப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். நாய் அதைப் படிக்கப் போவதில்லை. அந்தப் பெயர் புழங்கப்போவது சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில், மின்தூக்கியில், பூங்காவில், விலங்கு மருத்துவரின் வரவேற்பு மேசையில். அதைச் சொல்லப்போகிறவர்களில் தமிழ் தெரியாதவர்களே அதிகம். அதனால் காதுக்குப் பெயர் வையுங்கள், கண்ணுக்கு வேண்டாம்.

நீளமான ராகப் பெயர் எதுவும் ஒரு வாரம்கூடத் தாங்காது. சுருங்கிவிடும். எப்படிச் சுருங்கும் என்பதைப் பெயர் வைக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். கர்நாடக இசை படித்தவர்கள் சரளி வரிசையில் முதலில் பாடும் மாயாமாளவகௌளை, 'மாயா' என்று சுருங்கினால் சந்தோஷம். சங்கராபரணம் 'சங்கர்' ஆகும், ஹரிகாம்போதி 'ஹரி' ஆகும். அப்புறம் மேல்மாடியில் ஒரு சங்கர் அங்கிள் இருப்பார். மிருதங்கம், கடம், தாளம் போன்ற மகரத்தில் முடியும் பெயர்களில் வேறு ஒரு சங்கடம். உதடு மூடியதும் ஓசை நின்றுவிடும், பூங்காவின் அந்தக் கோடிக்கு அதை நீட்டி அனுப்ப முடியாது.

கிராமபோன் குழாய்க்குள் காது கொடுத்து உட்கார்ந்திருக்குமே, ஹெச்எம்வி முத்திரையில் வரும் அந்த நாய், அதன் பெயர் நிப்பர். 1884இல் பிறந்து 1895இல் இறந்தது. இசையுலகில் அதைவிடப் புகழ்பெற்ற நாய் கிடையாது, ஆனால் பெயரில் இசை துளியும் இல்லை. வீட்டுக்கு வருபவர்களின் காலைக் கவ்வியதால் அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். சின்னது, இரண்டே அசை, நடுவில் அழுத்தமான ஒரு மெய்யெழுத்து. சுற்றிலும் பேச்சுச் சத்தம் இருக்கும்போதும் நாய்களால் தங்கள் பெயரைப் பிரித்துக் கேட்க முடிகிறது என்று மேரிலாந்துப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2019இல் காட்டியது. சத்தம் பெயரைவிட உரக்கப் போனால் அது கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை மாலை கூட்டம் நெரியும் லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் நாயுடன் நடந்து பார்த்தவர்களுக்கு இது புரியும்.

கட்டளைச் சொற்களோடு மோதும் பெயர்களைப் பலர் கவனிப்பதில்லை. இங்கே பயிற்சியாளர்கள் ஆங்கிலத்தில் பழக்குவார்கள்: சிட், ஸ்டே, நோ. வீட்டில் தாத்தா பாட்டி தமிழில் சொல்வார்கள்: வா, போ, இரு, படு. ஆக, பெயர் இரண்டு மொழிக் கட்டளைகளிலிருந்தும் விலகி நிற்க வேண்டும். 'சித்தார்' என்று ஆசையாகக் கூப்பிடும்போதெல்லாம் நாய் பாதிச் சொல்லிலேயே உட்கார்ந்துவிடலாம். 'ஸோலோ' கிட்டத்தட்ட 'நோ'. 'டெம்போ' என்று கூப்பிட்டால் கடைசியில் கேட்பது 'போ'. 'போங்கோ' இன்னும் மோசம், மரியாதையாகவே விரட்டுகிறீர்கள்! 'கீரவாணி' நடுவில் ஒரு 'வா' ஒளிந்திருக்கிறது. அது கெடுதல் இல்லைதான். ஆனால் "கீரவாணி, இரு" என்றால் நாய் எதைக் கேட்கும்?

நம் ஊரில் இதைவிட அடிக்கடி வரும் சிக்கல் ஒன்று உண்டு. ராகப் பெயர்களில் பாதி பெண்களின் பெயர்கள். கல்யாணி, பைரவி, ரஞ்சனி, சஹானா. சுருதி, பல்லவி, வீணா என்று மற்ற இசைச் சொற்களும் அப்படித்தான். "கல்யாணி, கீழே போடு! கண்டதையும் வாயில வைக்காதே!" என்று நீங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் கத்தும்போது, நான்காம் மாடிக் கல்யாணி ஆன்ட்டி சந்தையிலிருந்து பையோடு வந்துகொண்டிருப்பார். சிங்கப்பூர்த் தமிழ்ச் சமூகம் சின்னது. கோயிலில், கல்யாணத்தில், பிள்ளையின் தமிழ் வகுப்பு வாசலில் அதே முகங்களைத்தான் பார்க்கப்போகிறோம். சம்பந்தி வீடு, அலுவலகம், அக்கம்பக்கம் மூன்றையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும். நாயைப் பைரவர் என்று மரியாதையாகச் சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறதே, பைரவி வைத்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. பைரவருக்கு நாய் வாகனம். பைரவி தேவியின் பெயர். வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளித்தால் அதற்குக் காரணம் இருக்கிறது.

கொஞ்சம் கனமான விஷயத்துக்கும் வருவோம். பிடித்த இசைக்கலைஞரின் பெயரையே நாய்க்கு வைப்பது அன்பின் வெளிப்பாடு என்று வைப்பவர் நினைப்பார், கேட்பவர் அப்படி நினைக்க மாட்டார். தியாகராஜர் ஆராதனையில் உட்கார்ந்து பஞ்சரத்தினம் பாடுகிறவரிடம், உங்கள் நாயின் பெயர் தியாகராஜா என்று சொல்லிப் பாருங்கள். இசைப்புயலின் ரசிகர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ரஹ்மான் என்பது இஸ்லாத்தில் இறைவனின் திருநாமங்களில் ஒன்று. அடுத்த வீட்டில் முஸ்லிம் குடும்பம் இருக்கும் தாழ்வாரத்தில் அந்தப் பெயரால் ஒரு நாயைக் கூப்பிடுவதை எந்த ரசிகத்தனமும் நியாயப்படுத்தாது. 'புயல்' என்று வையுங்களேன், வீட்டையே புரட்டிப்போடும் குட்டிக்குப் பொருத்தமாகவும் இருக்கும்.

'பறை' வேண்டவே வேண்டாம். பறை பழமையான, பெருமைக்குரிய கருவி. பறையர் என்ற சமூகப் பெயரிலிருந்துதான் ஆங்கிலத்தின் 'பரையா' வந்தது, தெருநாயைக் குறிக்கும் 'பரையா டாக்' என்ற வழக்கும் அதிலிருந்து பிறந்தது. ஒரு சமூகத்தை நாயோடு சேர்த்து இழிவுபடுத்திய வரலாறு அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. பறையின் மேல் உள்ள பிரியத்தைக் காட்ட வேறு வழிகள் எத்தனையோ உண்டு.

சரி, மற்ற மொழிக்காரர்களின் காதுக்கு வருவோம். தவில் எனக்குப் பிடித்த வாத்தியம், ஆனால் குளிப்பாட்டி முடிவெட்டும் கடையில் அதைச் சொன்னால் 'டெவில்' என்று எழுதிக்கொள்வார்கள். நாயின் குணமும் அப்படியென்றால் யாரும் திருத்தவும் மாட்டார்கள். கஞ்சிரா, 'கஞ்சி' என்று சுருங்கினால் செல்லப் பெயர். 'கஞ்சா' என்று காதில் விழுந்தால்? வேறு எந்த ஊரிலாவது சிரித்துவிட்டுப் போகலாம், சிங்கப்பூரில் அந்த விளையாட்டு வேண்டாம். பாப் பாடகர் நினைவாக 'பாபி' வைக்கிறவர்கள், மலாயில் 'பாபி' என்றால் பன்றி என்பதை மறந்துவிடுகிறார்கள். காபி ராகம் மட்டும் எனக்கு இரண்டு மனம். பழுப்பு நிறக் குட்டிக்கு இதைவிட இனிமையான பெயர் கிடைக்காது, ராகமும் உருக்கும். ஆனால் கோப்பிக் கடையைத் தாண்டி நடக்கும்போது மேசைக்கு மேசை கோப்பி ஓ, கோப்பி சி என்று குரல் வரும். ஒவ்வொன்றுக்கும் திரும்பிப் பார்க்கும் நாயை எப்படி வீட்டுக்குக் கூட்டிவருவது?

தனித்தமிழ் ஆர்வலர்கள் ஏழு பண்டைய சுரப் பெயர்களைத் தேடிப் போவார்கள்: குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். இதில் விளரி அருமை. தாரம் வைத்தால் மனைவியிடம் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

குணத்துக்குப் பொருந்தாத பெயரும் ஒரு தவறு என்பார்கள், நான் அதை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தாலாட்டுக்குப் பேர்போன நீலாம்பரியைச் சோபாவைக் கிழிக்கும் ஜாக் ரஸ்ஸலுக்கு வைத்தால் சிரிப்பாவது வரும். சோக ராகமான முகாரியைத்தான் ஒரு குட்டிக்கு வைக்க மனம் வரவில்லை. மழையை வரவழைக்கும் என்று சொல்லப்படும் அமிர்தவர்ஷினியை, இன்னும் சிறுநீர் அடக்கப் பழகாத குட்டிக்கு வைப்பது உங்கள் விருப்பம்.

'சுருதி மாதா, லயம் பிதா' என்பதால் சுருதி, லயா என்று ஜோடியாக யோசித்து, முதல் நாய்க்குச் சுருதி என்று வைத்துவிட்டு லயாவுக்காகக் காத்திருப்பவர்கள் உண்டு. வீவக வீட்டில் ஒரு நாய்தான், அதுவும் அனுமதிக்கப்பட்ட இனமாக இருக்க வேண்டும். தனியார் வீடென்றால் மூன்று வரை வளர்க்கலாம். 2024 செப்டம்பரிலிருந்து வீவக வீட்டில் இரண்டு பூனைகளும் வளர்க்கலாம் என்று ஆகிவிட்டதால், லயா ஒரு பூனையாக வந்து சேரலாம். தாளம் தப்பாமல் நடக்கும் என்று உத்தரவாதம் தர முடியாது.

இந்த வருடத்து வெற்றிப் பாட்டின் முதல் சொல்லை எடுத்து வைப்பதும் வேண்டாம். நாய் பத்துப் பன்னிரண்டு வருடம் வாழும், பாட்டு அடுத்த தீபாவளி வரை. இப்போது புகழின் உச்சியில் இருக்கும் பாடகர் நாளை எந்த வழக்கில் சிக்குவார் என்றும் தெரியாது.

காப்பகத்திலிருந்து தத்தெடுக்கும் 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' எனப்படும் உள்ளூர்க் கலப்பின நாய்க்கு ஏற்கனவே ஒரு பெயர் இருக்கும். 'அட்லீ' என்று பழகிய நாயைத் திடீரென்று 'மோகனம்' ஆக்கினால் அது உங்களைக் கண்டுகொள்ளாது. பழைய பெயரின் உயிரோசையை ஒட்டி ஒரு பெயரைத் தேடுங்கள். 'ஆதி' போல, எட்டு அட்சரம் கொண்ட ஆதி தாளத்தை நினைவுபடுத்துவதாகவும் இருக்கும். சில நாள் இரண்டையும் சேர்த்துச் சொல்லி, திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு தின்பண்டம் கொடுங்கள். பழைய பெயரைக் கேட்டதும் வாலைச் சுருட்டிப் பதுங்குகிறது என்றால், அதை அன்றே விட்டுவிட வேண்டும்.

அப்படியென்றால் எதைத்தான் வைப்பது? என் ஓட்டு உறுமிக்கு. வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து உறுமும் ஓசை எழுப்பும் மேளம். தைப்பூச நாளில் அந்தச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மூன்று அசை, இகரத்தில் முடிகிறது, எந்தக் கட்டளையோடும் மோதுவதில்லை, குறட்டை விடும் பக் நாய்க்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். பிடிக்கவில்லை என்றால் கமாஸ் (ராகம்), பிருகா (வேகமான சுர உருட்டல்), கானா என்று பாருங்கள். ஒன்றைத் தேர்ந்ததும், உரிமம் எடுக்கும் முன் ஆங்கில எழுத்தில் ஒரு தாளில் எழுதி, தமிழ் தெரியாத ஒரு சீன நண்பரிடமும் ஒரு மலாய் நண்பரிடமும் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அவர்கள் வாயிலிருந்து வருவதுதான் விலங்கு மருந்தகத்தில் உங்கள் நாயைக் கூப்பிடப்போகும் பெயர்.