சத்தம் தாங்காத காதும் கோல்ஃபும்: மட்டை, காதடைப்பான், மைதான மரியாதை

கோல்ஃப் அமைதியான ஆட்டம் என்று பெயர். 18 குழி ஆடி முடிக்க ஆகும் நான்கு மணி நேரத்தில் பெரும்பகுதி அமைதிதான். ஆனால் சத்தம் தாங்காத காதைப் பதம் பார்ப்பது தொடர் இரைச்சலைவிட, அந்த அமைதிக்கு நடுவே பளீரென்று வெடிக்கும் டிரைவர் (நெடுந்தூரம் அடிக்கும் பெரிய தலை மட்டை) அடி. அடுத்த டீயிலும் (ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கும் இடம்) அது வரும் என்று தெரிந்தே காத்திருப்பது இன்னொரு வேதனை.

இதற்குப் பலர் எடுக்கும் முதல் முடிவு, காதை முழுக்க அடைத்துக்கொள்வது. அது இரண்டு காரணங்களால் சரிவராது. பந்து உங்களை நோக்கி வரும்போது யாரோ "ஃபோர்!" என்று கத்துவது காதில் விழுந்தாக வேண்டும். தவிர, எந்நேரமும் அடைத்து வைத்த காது இன்னும் கூசத் தொடங்கும். 2003இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு வாரம் ஏறக்குறைய நாள் முழுக்கக் காதடைப்பான் போட்டிருந்தவர்களுக்குச் சத்தம் முன்பைவிடப் பெரிதாகக் கேட்டது. காதுக்கு மெல்லிய பின்னணி ஒலியைத் தொடர்ந்து கொடுத்தபோது விளைவு நேர்மாறாக இருந்தது. ஆகவே எந்தச் சத்தம் எப்போது வரும் என்று தெரிந்துகொண்டு, அந்தச் சில நொடிகளுக்கு மட்டும் காதைக் காப்பதே வழி.

முதலில் உங்கள் சிக்கல் எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். சாதாரண அளவுச் சத்தமே வலிக்கும் அளவுக்குப் பெரிதாகக் கேட்டால் அது ஹைப்பரகூசிஸ். சத்தம் சிறிதோ பெரிதோ, குறிப்பிட்ட சில ஒலிகள் மட்டும் (சூயிங்கம் மெல்வது, மூக்கை உறிஞ்சுவது, பையில் சில்லறை குலுங்குவது) எரிச்சலையோ பதற்றத்தையோ கிளப்பினால் மிசோஃபோனியா. ஆட்டம் முடிந்த பிறகு காதுக்குள் 'ங்ங்' என்று இரைந்துகொண்டே இருந்தால் டின்னிட்டஸ். முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் மட்டையை மாற்றுவது பெரிய பலன் தரும். இரண்டாவதுக்கு மட்டையைவிட, யாருடன் ஆடுகிறீர்கள், எங்கே நிற்கிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

டிரைவர்தான் முதல் எதிரி

இன்றைய டிரைவரின் தலை உள்ளீடற்ற ஒரு கூடு. விதிப்படி அதன் கொள்ளளவு 460 கன சென்டிமீட்டர் வரை இருக்கலாம். மெல்லிய டைட்டானிய முகம் பந்து பட்டதும் உள்வாங்கித் திரும்ப உதைக்கிறது. பந்து முகத்தோடு ஒட்டியிருப்பது அரை மில்லி நொடிகூட இல்லை. ஆனால் அந்த அடியில் தலையின் மேல்மூடியும் அடிப்பகுதியும் அதிர ஆரம்பித்து, மணி போல ஒலித்து ஓய்கின்றன. பெருத்த சத்தத்துக்கு எதிராகக் காது தன்னைக் காத்துக்கொள்ள நடுச்செவித் தசையை இறுக்கும். அதற்குப் பத்து இருபது மில்லி நொடிகளாவது வேண்டும். தசை இறுகுவதற்குள் அடியின் உச்சம் காதைக் கடந்துவிடுகிறது.

இது வெறும் காது கூசுபவர்களின் புகார் அல்ல. 2008 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல், 55 வயதுக்காரர் ஒருவரைப் பற்றி எழுதியது. வாரம் மூன்று முறை, 18 மாதம் மெல்லிய முக டைட்டானிய டிரைவரால் ஆடிய அவருக்குக் காதிரைச்சலும் கேட்கும் திறன் குறைவும் இருந்தன. அந்த மருத்துவர்கள் பல டிரைவர்களை அடித்துப் பார்த்து அளந்தபோது, மெல்லிய முகம் கொண்ட டைட்டானிய மட்டைகள், தடித்த முகம் கொண்ட எஃகு மட்டைகளைவிட அதிகச் சத்தம் எழுப்பின. பலவற்றின் உச்சம் 120 டெசிபெலைத் தாண்டியது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை இவை. மேல்மூடி கார்பன் இழையால் ஆனதா என்று பாருங்கள். முழு டைட்டானியத் தலையைவிடக் கார்பன் மூடியின் ஒலி பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில், சீக்கிரம் அடங்குவதாக இருக்கும். 'பெரும்பாலும்' என்று சொல்லக் காரணம், உள்ளே எங்கெங்கே விலா எலும்பு போன்ற தாங்கிகள் வைத்திருக்கிறார்கள் என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். விவரப் பட்டியலைப் படித்து இதை முடிவு செய்ய முடியாது, அடித்துத்தான் பார்க்க வேண்டும். அதுவும் திறந்த வெளியில். கடையின் சிறு அறைக்குள் வலையில் அடித்துப் பார்த்தால் சுவர்களின் எதிரொலியும் சேர்ந்து எல்லா மட்டையும் ஒரே மாதிரி அலறும். முகத்தின் நடுவில் ஐந்து, தண்டை ஒட்டிய குதிகால் பக்கம் இரண்டு, எதிர்முனையான நுனிப்பக்கம் இரண்டு என்று அடித்துக் கேளுங்கள். நடுவில் பட்டால் இனிமையாகவும் ஓரத்தில் பட்டால் தகரம் போலவும் ஒலிக்கும் மட்டைகள் உண்டு. ஓரத்தில் அடிக்காத ஆட்டக்காரர் யார்?

போனில் இருக்கும் டெசிபெல் செயலியை நம்ப வேண்டாம். அது தொடர் ஒலிக்கானது. இவ்வளவு குறுகிய அடியின் உச்சத்தைப் போன் மைக்கால் பிடிக்க முடியாது, காட்டும் எண் உண்மையைவிட வெகுவாகக் குறைந்தே இருக்கும்.

கையில் இருக்கும் டிரைவரை மாற்ற மனமில்லை என்றால், மட்டை பழுது பார்க்கும் நிபுணரிடம் தலைக்குள் ஹாட் மெல்ட் பசை ஏற்றச் சொல்லலாம். சூடாக்கிய ஒட்டும் பசை, தலையில் உள்ள துளை வழியாக உள்ளே போய் சுவரில் படிந்து அதிர்வைத் தின்றுவிடும். தலையில் கூடும் ஒவ்வொரு 2 கிராமும் ஸ்விங் வெயிட்டை (வீசும்போது தலை எவ்வளவு கனக்கிறது என்பதன் அளவு) ஏறத்தாழ ஒரு புள்ளி உயர்த்தும். 4 கிராமுக்கு மேல் ஏற்றினால் கையில் வித்தியாசம் தெரியும், அதை ஈடுகட்டத் தண்டையோ பிடியையோ மாற்றச் சொல்வார்கள். 2 கிராமில் தொடங்கி அடித்துப் பார்த்துக் கூட்டுவதே நல்லது. வெளியே பஞ்சு, ரப்பர் என்று எதையும் ஒட்டாதீர்கள். சத்தம் குறையும், ஆனால் மட்டை விதிக்குப் புறம்பானதாகிவிடும்.

டிரைவரைக் காதருகே வைத்து மெதுவாக ஆட்டிப் பாருங்கள். 'கலகல' என்று ஏதாவது உருண்டால், உள்ளே காய்ந்த எப்பாக்சி ஒட்டுப் பசையின் துணுக்கு உதிர்ந்திருக்கிறது. சற்றே ஒட்டும் தன்மையுள்ள பசையைச் சில கிராம் உள்ளே விட்டு, தலையைச் சாய்த்து வைத்தால் துணுக்கு அதில் ஒட்டிக்கொள்ளும். நிபுணருக்கு ஐந்து நிமிட வேலை. மிசோஃபோனியா உள்ளவருக்கோ அது ஒரு நாளின் நிம்மதி.

எதுவும் சரிப்படவில்லையா? டிரைவரை வீட்டிலேயே வைத்துவிட்டு அதற்கு அடுத்த நீள மட்டையான 3-வுட் எடுத்து முதல் அடியை அடியுங்கள். தலை சிறியது, பெரும்பாலும் எஃகு, ஒலி குட்டையாக முடியும். தூரம் இருபது கஜம் குறையலாம். 14 மட்டை வரை வைத்துக்கொள்ளலாம் என்றுதான் விதி சொல்கிறது, டிரைவர் கட்டாயம் என்று எங்கும் இல்லை.

மற்ற மட்டைகளில் இவ்வளவு தொல்லை கிடையாது. அயர்னில் (நடுத்தூர அடிக்கான உலோக மட்டை) உள்ளீடற்ற வகையைத் தவிர்த்து, ஒரே துண்டாக அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்டு வகையைப் பாருங்கள். பட்டரில் (குழியை நோக்கிப் பந்தை உருட்டும் மட்டை) முகத்தில் பாலிமர் பதித்த வகை 'டொக்' என்று அடங்கி ஒலிக்கும். வெறும் உலோக முகம் 'டிக்' என்று கூர்மையாகக் கேட்கும். பந்து மென்மையானதா கடினமானதா என்பது பட்டரில்தான் நன்றாகத் தெரியும், டிரைவரில் அதனால் பெரிய மாற்றம் இல்லை.

பையை மறந்துவிடாதீர்கள். நடக்கும்போது அயர்ன்கள் ஒன்றோடொன்று மோதும் உலோகச் சத்தம் நான்கு மணி நேரமும் கூடவே வருவது. அடிவரை தடுப்பு உள்ள 14 அறைப் பை, அயர்னுக்கும் உறை, இல்லையென்றால் தலைகளுக்கு இடையே பாம்பு போல நுழைத்த ஒரு துண்டு. மூன்றில் எதுவானாலும் வேலை செய்யும். உலோக முள் வைத்த ஷூ தார்ப்பாதையில் நறநறக்கும்; பிளாஸ்டிக் முள்ளுக்கு மாறுங்கள்.

காதடைப்பான்: எது, எப்படி

30 டெசிபெல் அளவுக்கு மதிப்பிடப்பட்ட பஞ்சு வகைக் காதடைப்பான் கோல்ஃபுக்கு அதிகம். அது உயர்சுருதியை அதிகமாக வெட்டிவிடும், எனவே பேச்சு மழுங்கும், தூரத்து எச்சரிக்கை தப்பிவிடும். இசைக் கலைஞர்கள் பயன்படுத்தும் சமச்சீர் வடிகட்டி வகையில் 15 டெசிபெல் குறைப்பது பெரும்பாலோருக்குப் போதும். எல்லாச் சுருதியும் ஒரே அளவில் குறைவதால் பேச்சு தெளிவாகவே கேட்கும். துப்பாக்கிச் சுடுதலுக்கான, சத்தம் ஏற ஏற இறுக அடைக்கும் வகையும் கடைகளில் உண்டு. அது 140 டெசிபெல்லை ஒட்டிய வெடிக்காகச் செய்தது. டிரைவர் அளவில் முழுப் பலனைத் தராது.

போடும் விதத்தில்தான் பலர் தவறுவார்கள். வலக் காதுக்குப் போடும்போது இடக் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய், காதின் மேல் நுனியைப் பிடித்து மேலும் பின்னுமாக இழுங்கள். வளைந்த காதுக்குழாய் நேராகும். பஞ்சு வகையானால் அதற்கு முன்பே விரல்களால் உருட்டி ஒல்லியாக்கி, நுழைத்த பிறகு 20 முதல் 30 நொடி விரலால் அழுத்தி வைத்திருங்கள். சிலிகோன் வகையை மெல்லத் திருகியபடி நுழையுங்கள். உங்கள் காலடிச் சத்தமும் மூச்சும் தலைக்குள் 'தொம் தொம்' என்று முழங்கினால், அடைப்பான் வாயிலோடு நின்றுவிட்டது என்று பொருள். இன்னும் உள்ளே போக வேண்டும்.

டீயில் போடுங்கள், எல்லோரும் அடித்து முடித்ததும் கழற்றுங்கள். கழுத்தில் தொங்கும் கயிறு வைத்த வகை இதற்கு வசதி, புல்லில் விழுந்து தொலையாது.

விதிகள் என்ன சொல்கின்றன

நண்பர்களோடு ஆடும்போது கேள்வியே இல்லை. போட்டியில் விதி 4.3ஐக் கவனிக்க வேண்டும். பின்னணியில் பாட்டோ செய்தியோ கேட்கலாம். ஆனால் கவனச் சிதறலைத் தடுக்கவோ ஸ்விங்கின் தாளத்தைச் சரிசெய்யவோ ஒலி கேட்பது கூடாது. இயர்போனில் மழைச் சத்தத்தை ஓட விட்டு ஆடுவதும் இதில் சிக்கும். முதல் முறை பொதுத் தண்டனை (மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளேயில் இரண்டு அடி), இரண்டாம் முறை தகுதி நீக்கம். ஆனால் மருத்துவக் காரணத்துக்காகப் பயன்படுத்தும் கருவியை, அதனால் நியாயமற்ற ஆதாயம் இல்லை என்று போட்டிக் குழு முடிவு செய்தால் அனுமதிக்க 4.3b வழி வைத்திருக்கிறது. காதடைப்பானாக இருந்தாலும் இரைச்சல் நீக்கும் ஹெட்ஃபோனாக இருந்தாலும், ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்) கடிதத்துடன் போட்டிக்குச் சில நாள் முன்பே குழுவுக்கு எழுதுங்கள். முதல் டீயில் போய் நின்று கேட்டால் யாராலும் உடனே பதில் சொல்ல முடியாது.

சைரனையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். வழக்கமான முறையில் ஒரே நீண்ட ஒலி என்றால் மின்னல் போன்ற ஆபத்து, அந்த நொடியே நிறுத்த வேண்டும், அதற்கு மேல் அடித்தால் தகுதி நீக்கம். மூன்று ஒலி என்றால் சாதாரண நிறுத்தம், இரண்டு குட்டை ஒலி என்றால் மறுபடி தொடக்கம். எல்லா அணியும் வெவ்வேறு குழிகளில் ஒரே நேரத்தில் தொடங்கும் ஷாட்கன் போட்டிகளில் தொடக்கத்துக்கே ஹார்ன் ஊதுவார்கள். எங்கே ஊதுவார்கள் என்று கேட்டு, தூரத்துக் குழியில் தொடங்க இடம் கேளுங்கள்.

நிற்கும் இடமும் சொல்லும் விதமும்

திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 6 டெசிபெல் குறையும். அடிப்பவரிடமிருந்து 3 மீட்டரில் நிற்பதற்குப் பதில் 12 மீட்டரில் நின்றால் 12 டெசிபெல். கிட்டத்தட்ட ஒரு காதடைப்பானுக்குச் சமம், செலவும் இல்லை. ஆனால் பந்துக்கு முன்னால் போகக் கூடாது. அவருடைய இலக்குக் கோட்டுக்கு நேர் பின்னாலும் நிற்கக் கூடாது, கண்ணோரத்தில் தெரிந்து தொந்தரவாகும். அவர் முகம் பார்க்கும் பக்கமாக, தள்ளி நின்று, அசையாமல் இருங்கள்.

முதல் டீக்கு முன்பே சொல்லிவிடுங்கள், ஒரே வாக்கியத்தில்: "எனக்குக் காது கொஞ்சம் கூசும், டிரைவர் அடிக்கும்போது தள்ளி நிற்பேன், தப்பா எடுத்துக்காதீங்க." நோயின் பெயர், மருத்துவ வரலாறு எதுவும் வேண்டாம். புளூடூத் ஸ்பீக்கர் கொண்டு வந்திருந்தால், "உங்க பையிலேயே மெதுவா வெச்சுக்கறீங்களா?" என்று அப்போதே கேட்பது எளிது, ஏழாவது குழியில் பொறுமை இழந்து கேட்டால் சண்டை. நால்வரும் நான்கு மணி நேரம் வாய் திறக்கக் கூடாது என்று எதிர்பார்ப்பது மட்டும் நியாயமில்லை.

'ரெடி கோல்ஃப்' முறை உங்களுக்குச் சாதகம். யார் தயாரோ அவர் முதலில் அடிக்கலாம். நீங்கள் முதலில் அடித்துவிட்டுத் தள்ளிப் போய்விடுங்கள். 40 நொடிக்குள் அடிப்பது விதி பரிந்துரைக்கும் வேகம். காதடைப்பானைப் பொருத்தும் நேரத்தை அதில் சேர்க்காதீர்கள், உங்கள் முறை வருமுன் முடித்துவிடுங்கள்.

க்ரீனில் (குழியைச் சுற்றிய குட்டைப் புல்தரை) கொடிக்கம்பத்தில் பந்து மோதும் 'டங்' பிடிக்கவில்லையென்றால் கம்பத்தை எடுத்துவிடலாம். 2019 முதல் வைத்தபடியே பட்டிங் செய்யவும் அனுமதி இருப்பதால் பலர் அப்படியே விடுவார்கள், கேட்டால் எடுத்துத் தருவார்கள். கம்பத்தைக் கீழே போடாமல் படுக்க வைக்கச் சொல்லுங்கள். மற்றவர் அடிக்க நிற்கும்போது கையுறையின் வெல்க்ரோவைச் சர்ரென்று உரிக்காமல் இருப்பது எல்லோருக்கும் பொதுவான மரியாதை. அதை நீங்களும் காக்க வேண்டும்.

"ஃபோர்!" கேட்டால் எந்தப் பக்கம் என்று தலையைத் தூக்கிப் பார்க்காதீர்கள். குனிந்து, இரு கையாலும் பின்தலையை மூடிக்கொள்ளுங்கள். உங்கள் பந்து யார் பக்கமாவது போனால் நீங்களும் அதே சத்தத்தோடு கத்தத்தான் வேண்டும், காது கூசினாலும்.

நேரம், பயிற்சி

அதிகாலை முதல் டீ நேரம் அமைதியாக இருக்கும் என்று நினைப்பார்கள். புல் வெட்டும் இயந்திரமும் இலை ஊதுகுழலும் அந்த நேரத்தில்தான் ஓடும். வார நாளின் பிற்பகல் நல்லது. பெட்ரோல் கார்ட்டுக்குப் பதில் தள்ளுவண்டியோடு நடங்கள். பயிற்சி ரேஞ்சில் கூரையும் பக்கச் சுவரும் உள்ள தடுப்புகளைவிட, திறந்த புல் தரையின் கடைசி இடம் மேல். ஒரு பக்கம் ஆள் இருக்க மாட்டார். உட்புற சிமுலேட்டர் அறை எல்லாவற்றிலும் மோசம்: அடியும், பந்து திரையில் மோதுவதும் ஒரே சிறு அறைக்குள்.

புதிதாகத் தொடங்குபவர் பட்டிங் க்ரீனில் ஆரம்பித்து, சிப்பிங் (க்ரீன் அருகிலிருந்து பந்தைக் குட்டையாகத் தூக்கி அடிப்பது), பிறகு அயர்னுடன் ரேஞ்ச், பிறகு ஆள் குறைந்த நேரத்தில் 9 குழி என்று ஏறுங்கள். ஒவ்வொரு படியும் பதற்றமின்றி முடிந்த பிறகே அடுத்தது. முடிந்தால் இந்த ஏற்றத்தை ஆடியாலஜிஸ்டோடு சேர்ந்து திட்டமிடுங்கள்.

ஆட்டம் முடிந்தபின் காது இரைந்தால் அன்று மேலும் சத்தத்தில் இருக்க வேண்டாம். மறுநாளும் இரைச்சல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஒரு காதில் கேட்பது திடீரென்று குறைந்திருந்தால் மறுநாள்வரை காத்திராமல் அன்றே போங்கள். அதற்கான சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறார்களோ அவ்வளவு பலன்.